மெழுகு வேண்டாத காட்டுவழி ஸ்கீ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் வடகிழக்கில், வெர்மான்ட் மாநிலத்திலும் சாம்ப்ளெய்ன் ஏரிக்கு அக்கரையில் இருக்கும் அடிரோண்டாக் மலைகளிலும் பதினொரு குளிர்காலமாக ஸ்கீயில் நடந்துவருகிறேன். இங்கும் கனடாவிலும் நார்வேயிலும் குடியேறிய தமிழர்கள் பலர் இப்போது காட்டுவழி ஸ்கீ வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதுகிறேன். உங்கள் உடல் எடைக்குப் பொருந்தாத ஸ்கீயை எந்தப் பனியும் காப்பாற்றாது என்பதுதான் எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஓடுகிற செய்தி.

காட்டுவழி ஸ்கீ என்பது எது? மலைச்சரிவில் லிஃப்ட் ஏறிப் போய்ச் சறுக்குவதா?

இல்லை. அந்த விளையாட்டில் மேலே ஏற்றிவிட இயந்திரம் இருக்கிறது. நம் வேலை இறங்குவது மட்டும். பூங்காக்களில் இயந்திரம் வெட்டிய இரட்டைத் தடத்தில் மெல்லிய ஸ்கீ போட்டு ஓடுவது இன்னொரு வகை. காட்டுவழி ஸ்கீ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. யாரும் சீர்படுத்தாத காட்டுப் பாதை, உறைந்த ஏரி, பழைய மரவண்டிச் சாலை இவற்றில் சொந்தக் காலால் ஏறி, இறங்கி, சமதரையில் வழுக்கி நடப்பது. குதிகால் எப்போதும் விடுதலையாக இருக்கும். முன்பாதம் மட்டும்தான் ஸ்கீயோடு பிணைந்திருக்கும்.

அடியில் மெழுகு தடவாத பலகை மேட்டில் எப்படி ஏறுகிறது?

மீன் கழுவியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. மீனைத் தலையிலிருந்து வாலை நோக்கித் தடவினால் கை வழுக்கிப் போகும். வாலிலிருந்து தலையை நோக்கித் தடவினால் செதில் தடுக்கும். மெழுகு வேண்டாத ஸ்கீயின் அடிப்பாகத்தில், காலுக்குக் கீழேயும் அதற்குச் சற்று முன்னும் பின்னுமாக, அப்படிப்பட்ட செதில் வரிசை அச்சிடப்பட்டிருக்கும். முன்னால் தள்ளும்போது வழுக்கும். பின்னால் உதைக்கும்போது செதிலின் விளிம்பு பனியைக் கவ்விப் பிடிக்கும்.

செதில் மட்டும் இருந்தால் போதாது. ஸ்கீயைத் தரையில் வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள்; வில்லைக் கவிழ்த்து வைத்ததுபோல் நடுப்பகுதி எழும்பி நிற்கும். இதை கேம்பர் என்கிறார்கள். இரண்டு காலிலும் எடை பகிர்ந்திருக்கும்போது செதில் பகுதி பனியை இலேசாக உரசும் அல்லது உரசாமலே இருக்கும். முன்னும் பின்னும் உள்ள வழுவழுப்பான பகுதியில் ஸ்கீ ஓடும். ஒரு காலில் முழு எடையையும் போட்டு உதைக்கும்போது வில் தட்டையாகி, செதில் பனிக்குள் அழுந்தும். இந்தத் தாளம் கைவந்துவிட்டால் நடப்பதற்கும் பறப்பதற்கும் இடைப்பட்ட ஒரு சுகம் கிடைக்கும். நாற்பது வயதுக்கு மேல் உடம்பு புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்ட மகிழ்ச்சியை நான் அங்கேதான் கண்டேன்.

தேர்ந்தவர்கள் மெழுகு ஸ்கீயே சிறந்தது என்கிறார்களே?

குளிர் நிலையாக இருக்கும் இடத்தில் அவர்கள் சொல்வது உண்மை. உதைப்பதற்கான மெழுகு வெப்பநிலையைப் பொறுத்தது. சுவிக்ஸ் நிறுவனம் 1946-இல் கொண்டுவந்த பச்சை, நீலம், சிவப்பு வரிசை இன்றும் அடிப்படையாக இருக்கிறது: கடுங்குளிருக்குப் பச்சை, மிதமான குளிருக்கு நீலம், உருகுநிலை அருகே சிவப்பு. பனித்துகளின் கூர்முனைகள் அந்த மெழுகில் சற்றே பதிந்து பிடிக்கின்றன. உதை முடிந்ததும் விட்டுவிடுகின்றன. சரியான மெழுகைச் சரியான நாளில் தடவினால் அதன் வழுக்கலுக்குச் செதில் ஈடாகாது. நார்வேயின் மேட்டுநிலங்களில் ஜனவரியில் ஒரு வாரம் நடப்பவர் மெழுகை விரும்புவதில் வியப்பில்லை.

ஆனால் எங்கள் மலைகளில் காலை பள்ளத்தாக்கில் மைனஸ் 8 டிகிரி, பத்து மணிக்கு வெயில் படும் ஏரியில் உருகுநிலை, மதியம் ஊசியிலைக் காட்டு நிழலில் மறுபடி மைனஸ் 5 என்று ஒரே நாளில் மாறும். காலையில் தடவிய மெழுகு மதியம் பனியைக் கட்டிகட்டியாக ஒட்டவைத்து, காலில் செங்கல் கட்டியதுபோல் ஆக்கிவிடும். நின்று, சுரண்டி, வேறு மெழுகு தேய்க்க வேண்டும். அந்த இடத்தில்தான் செதில் தன் மதிப்பைக் காட்டுகிறது. கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுத்து நாள் முழுவதும் நிற்காமல் நடக்கும் உரிமையை வாங்கிக்கொள்கிறோம்.

கலவையான பனி என்கிறீர்கள். எத்தனை வகை? செதில் எதில் நிற்கும், எதில் நிற்காது?

இதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ஸ்கீ வாங்குகிறவர்கள் விற்பனைப் பட்டியலைப் படிக்கும் அளவுக்குப் பனியைப் படிப்பதில்லை.

உருகுநிலை அருகே விழும் ஈரமான புதுப்பனி செதிலுக்குச் சொந்த வீடு மாதிரி. மெழுகு தோற்கும் இடத்தில் செதில் சிரமமின்றி ஏறும். மேற்கே கலிபோர்னியாவின் சியர்ரா நெவாடாவில் விழும் கனத்த பனிக்கு அங்கே சிமென்ட் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கும் செதில் ஸ்கீதான் பலருடைய தேர்வு.

குளிர்ந்த தூள்பனியில், மைனஸ் 15 டிகிரிக்குக் கீழே, செதில் பிடிக்கும். ஆனால் வழுக்கல் மந்தமாகிவிடும். அந்தக் குளிரில் பனித்துகள்கள் மணல்போல் உராயும். ஆழமான தூளில் இன்னொரு சிக்கலும் உண்டு: கீழே உறுதியான அடுக்கு இல்லாவிட்டால் செதில் அழுந்துவதற்குப் பிடிமானம் கிடைக்காது. இங்கே அகலமான ஸ்கீ மிதந்து உதவும்.

அடுத்தது பொருக்கு. எங்கள் பகுதியின் சாபம் இதுதான். ஜனவரியில் இரண்டு நாள் மழை பெய்து, மூன்றாம் நாள் உறைந்துவிடும். கெட்டிப் பொருக்கில் செதிலுக்குக் கவ்வ ஒன்றுமே இருக்காது. கண்ணாடிமேல் நடப்பது போலிருக்கும். ஸ்கீயின் அடியோரத்தில் பதித்த எஃகு விளிம்பும், கீழே நான் சொல்லப்போகும் குறுந்தோலும் இல்லாமல் போகக்கூடாது. உடையும் பொருக்கு இதைவிட மோசம். அப்பளம்போல் மேலே ஒரு தகடு, அடியில் மென்மை. உதைக்கும்போது தாங்குவதுபோல் காட்டி, எடை முழுதும் விழுந்ததும் உடைந்து ஸ்கீயின் மூக்கை உள்ளே இழுத்துக்கொள்ளும். குறுகிய ஸ்கீ இதில் திரும்பவே திரும்பாது. அகன்ற மூக்கு ஓரளவு மேலே நிற்கும். எந்த ஸ்கீயும் இதில் இன்பம் தருவதில்லை. விழாமல் வீடு திரும்புவதுதான் அன்றைய சாதனை.

காட்டுப் பாதைகளில் பனிக்காலணிக்காரர்கள் (பனியில் புதையாமல் நடக்க ஸ்னோஷூ என்ற அகன்ற சட்டத்தைக் காலில் கட்டியவர்கள்) மிதித்து, பிறகு உறைந்துபோன பள்ளத்தடம் பற்றி எந்தப் பட்டியலும் பேசுவதில்லை. ஆனால் அடிரோண்டாக்கில் பாதி நாள் இதில்தான் போகிறோம். மிக அகன்ற ஸ்கீ இந்தக் கால்வாயில் இரண்டு கரையிலும் இடிக்கும். நடுத்தர அகலம் அமைதியாகப் போகும்.

கடைசியாகக் குருணைப் பனி. மார்ச் மாதத்தில் பகலில் உருகி இரவில் உறைந்து, மறுபடி உருகி, பனி அரிசிக்குருணைபோல் மணிமணியாகிவிடும். வெயில் ஏறி மேல் இரண்டு விரற்கடை மட்டும் இளகியிருக்கும் அந்த நேரத்தில் செதில் ஸ்கீக்கு நிகர் எதுவும் இல்லை. ஏறவும் செய்யும், இறங்கும்போது எந்தப் பக்கம் திருப்பினாலும் திரும்பும். வருடம் முழுவதும் காத்திருப்பது இதற்காகத்தான்.

கொலராடோ போன்ற வறண்ட மலைகளில் பருவத் தொடக்கத்தில் அடியில் சர்க்கரைபோல் உதிரும் பனி உருவாகும். அதில் செதில் வழுக்கும் என்பதைவிட, பனிச்சரிவு ஆபத்து அதிகம் என்பதுதான் நினைவில் வைக்கவேண்டியது.

என் உயரம் 178 சென்டிமீட்டர். கடையில் 189 நீளம் எடுக்கச் சொல்கிறார்கள். சரியா?

உங்கள் எடையைக் கேட்டார்களா? என்னிடம் கேட்கவில்லை. என் முதல் ஸ்கீயை விற்ற கடையில் உயரத்தை மட்டும் பார்த்து 189 சென்டிமீட்டர் கொடுத்தார்கள். நான் அப்போது 62 கிலோ. அந்தப் பருவம் முழுவதும் சிறு மேட்டில்கூடக் கால் பின்னால் வழுக்கியது. எனக்குத் திறமை இல்லை என்று நம்பினேன். இரண்டு முறை இந்தப் பழக்கத்தையே விட்டுவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த ஆண்டு நண்பர் ஒருவர் அதே மாதிரியில் 179 நீளம் கொடுத்து நடக்கச் சொன்னார். முதல் உதையிலேயே பிடித்தது. குறை என்னிடம் இல்லை. என் எடையால் அந்த நீண்ட ஸ்கீயின் வில்லை அழுத்தித் தட்டையாக்க முடியவில்லை, அவ்வளவுதான். செதில் ஒரு வருடம் முழுக்கப் பனியைத் தொடவே இல்லை.

நம்மில் பலர் உயரத்துக்கு எடை குறைந்தவர்கள். அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஒரே மாதிரி ஸ்கீயில் நீளம் கூடக்கூடப் பொதுவாக விறைப்பும் கூடும். தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு நீளத்துக்கும் எடை வரம்பு தருகிறார்கள். அதைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு நீளத்துக்கு நடுவில் உங்கள் எடை விழுந்தால், காட்டில் வளைந்து நெளிந்து போகிறவர் குறைந்ததையும், திறந்த வெளியில் சுமையோடு போகிறவர் நீண்டதையும் எடுக்கலாம். கூடாரம், உணவு எல்லாம் சேர்த்து 15 கிலோ தூக்கப்போகிறீர்கள் என்றால் அந்த எடையையும் கணக்கில் சேருங்கள்.

கடையிலேயே சோதிக்க வழி உண்டா?

உண்டு. கெட்டியான சமதரையில் இரண்டு ஸ்கீயையும் வைத்து அவற்றின்மேல் நில்லுங்கள். கால் இருக்கும் இடத்தில் அடியில் ஒரு தாளைச் செருகச் சொல்லுங்கள். எடை இரண்டு காலிலும் சமமாக இருக்கும்போது தாள் நகர வேண்டும். ஒரே காலில் நின்றால் தாள் அசையக்கூடாது. ஒரு காலில் நின்றும் தாள் நகர்ந்தால் அந்த ஸ்கீயை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். அகலமான, மென்மையான ஸ்கீக்களில் இரண்டு காலில் நிற்கும்போதே தாள் சிக்கலாம். அது பெரிய குறையல்ல, அந்த வகையின் இயல்பு.

ஒற்றை கேம்பர், இரட்டை கேம்பர் என்கிறார்கள். எது நல்லது?

இரட்டை என்றால் நடுவில் விறைப்பான இரண்டாம் வில். சமதரையில், ஏரியில், சாலையில் நீண்ட தூரம் வழுக்க அது அருமை. திரும்புவதற்கு முரண்டு பிடிக்கும், ஏனென்றால் திரும்ப ஸ்கீ எதிர்ப்பக்கமாக வளைய வேண்டும். ஒற்றை கேம்பர் மலைச்சரிவு ஸ்கீயைப்போல் சீராக வளையும்; இறக்கத்தில் சொன்னபடி கேட்கும்; சமதரையில் செதில் எந்நேரமும் உரசிக்கொண்டே வரும். கலவையான நிலத்துக்கு இரண்டுக்கும் நடுப்பட்ட வில் கொண்டவையே பெரும்பாலும் விற்பனையில் இருக்கின்றன. அதுவே போதும்.

அகலம்? ஒரே குழப்பமாக இருக்கிறது. பெயரில் இருக்கும் எண்களுக்கு என்ன பொருள்?

குழப்பத்துக்குக் காரணம் நிறுவனங்களே. ஸ்கீயில் மூன்று அகலங்களைச் சொல்வார்கள்: மூக்கு, இடுப்பு, வால். ஃபிஷர் எஸ்-பவுண்ட் 98 என்றால் 98 என்பது மூக்கின் அகலம், மில்லிமீட்டரில். ரோசிநோலின் பிசி 80-இலும் அப்படியே. ஆனால் மாட்ஷுஸ் பனோரமா எம்68 என்றால் 68 என்பது இடுப்பு. நார்வேயின் ஓஸ்னெஸ் தயாரிக்கும் ராப் 68-உம் இடுப்பைத்தான் சொல்கிறது. ஆகவே 98-ஐயும் 68-ஐயும் பார்த்து முதலாவது மிக அகலம் என்று எண்ணிவிடாதீர்கள். எஸ்-பவுண்ட் 98-இன் அளவு 98-69-88. எம்68-இன் முன்னோடியான எபோக் 99-68-84. இரண்டும் ஏறத்தாழ உடன்பிறப்புகள்.

இயந்திரம் வெட்டும் தடத்துக்குள் நுழைய மூக்கு சுமார் 70 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். வாரத்தில் பாதி நாள் பூங்காத் தடத்தில் போகிறவர்கள் இதை மறக்கக்கூடாது.

சரி, மாதிரிகளை நேருக்கு நேர் ஒப்பிட்டுச் சொல்லுங்கள். எதை வாங்கலாம்?

குறுகிய பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். ஃபிஷர் ஈ99, பிறகு டிரான்ஸ்நார்டிக் 66 என்று பெயர் மாறியது, இரட்டை கேம்பர் கொண்ட நெடுந்தூர ஸ்கீ. தடத்திலும் நுழையும், உறைந்த ஏரியில் அம்புபோல் போகும். காட்டுக்குள் செங்குத்தான குறுகிய இறக்கத்தில் இதைத் திருப்ப நல்ல பயிற்சி வேண்டும். பரந்த சமவெளி உங்கள் ஊர் என்றால் இதுவே போதும்.

அடுத்து மாட்ஷுஸ் இயான், இப்போது பனோரமா எம்62. அளவு 83-62-70. முதல் ஸ்கீ எது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த அகலத்தைத்தான். பனிக்காலணித் தடத்தில் இடிக்காது, ஒரு சாண் புதுப்பனியில் மூழ்காது, சமதரையில் சோர்வு தராது. ரோசிநோல் பிசி 80, ஃபிஷர் எக்ஸ்கர்ஷன் 88 ஆகியவையும் இதற்கு அக்கம்பக்கம்தான். மூன்றில் எது உங்கள் எடைக்குக் கிடைக்கிறதோ அதை எடுங்கள், பிராண்டு இரண்டாம்பட்சம்.

எஸ்-பவுண்ட் 98-உம் எபோக்கும் அடுத்த படி. நான் இரண்டையும் சொந்தமாக வைத்திருந்தேன். 98-இன் செதில் பிடிமானம் வலுவானது; செங்குத்தான மேட்டில் நேராக ஏறலாம். அதற்கு விலையாகச் சமதரையில் செதில் சரசரவென்று ஓசை எழுப்பிக்கொண்டு வேகத்தைக் குறைக்கும். எபோக்கின் வளைவு மென்மையானது. இறக்கத்தில் அது தானே வட்டமாகத் திரும்பிவிடும். ஆனால் ஏற்றத்தில் சற்று முன்னதாகவே வழுக்கத் தொடங்கும். எடை குறைந்தவர்களுக்கு எபோக்கின் மென்மை ஒரு வரம். 80 கிலோவுக்கு மேற்பட்டவர்களுக்கு 98 பொருந்தும். இன்று என்னிடம் இருப்பது எபோக்.

எஸ்-பவுண்ட் 112, அளவு 112-78-95. மாட்ஷுஸ் ஆனம், இப்போது எம்78, அளவு 109-78-95. இரண்டும் ஆழ்பனிக்கும் இறக்கத்துக்கும் உரியவை. ஏறி, இறங்கி, மறுபடி ஏறி விளையாட விரும்புகிறவர்களுக்கு நல்லவை. கெட்டிப் பொருக்கில் மென்மையான காலணியோடு இவ்வளவு அகலத்தை விளிம்பில் நிறுத்துவது கணுக்காலுக்குப் பெரும் வேலை. பழகுநர்கள் அகலம் அதிகமானால் பாதுகாப்பு அதிகம் என்று எண்ணி இவற்றை வாங்குகிறார்கள். உறைந்த பாதையில் அது நேர்மாறாக முடிகிறது.

யூட்டா மாநிலத்தின் வொலே நிறுவனம் இடுப்பு 80 மில்லிமீட்டரைத் தாண்டிய செதில் ஸ்கீக்கள் செய்கிறது. அவை செதில் பதித்த மலைச்சரிவு ஸ்கீக்கள்; கனத்த காலணி வேண்டும். சியர்ரா நெவாடாவின் வசந்தகாலக் குருணைப் பனியில் அவற்றுக்குப் பெரிய மதிப்பு உண்டு. எங்கள் ஊரின் நெருக்கமான காட்டுக்கு அவை மிகை.

எஃகு விளிம்பு அவசியமா?

பொருக்கு விழும் ஊரில் அவசியம். எடை கூடும், ஏரியில் வேகம் ஒரு துளி குறையும், பரவாயில்லை. உறைந்த இறக்கத்தில் பக்கவாட்டில் நிற்க அது ஒன்றுதான் துணை.

பைண்டிங் எது? மூன்று வகை சொல்கிறார்கள்.

ஸ்கீயையும் காலணியையும் பிணைக்கும் பகுதிதான் பைண்டிங். பழையது 75 மில்லிமீட்டர் மூன்றுமுள் வகை. 1927-இல் நார்வேயின் ப்ரூர் வித் உருவாக்கிய ரோட்டெஃபெல்லாவின் வழிவந்தது. அந்தப் பெயருக்கு எலிப்பொறி என்று பொருள். கம்பி அழுத்திக் காலணியின் முன்நாக்கைப் பிடிப்பதைப் பார்த்தால் பெயர் ஏன் வந்தது என்று புரியும். எளிமையானது, உறுதியானது, உடைந்தால் காட்டிலேயே ஏதாவது செய்து கட்டிக்கொள்ளலாம். அகன்ற ஸ்கீக்கு ஏற்றது.

என்என்என் பிசி என்பது காலணியின் முன்னடியில் ஒரு தடித்த உலோகத் தண்டைக் கவ்வும் வகை. நடை இயல்பாக இருக்கும். நடுத்தர அகலத்துக்கு மிகப் பொருத்தம். தண்டு இருக்கும் இடத்தில் பனி அடைத்து உறைந்தால் காலணி பூட்டாது. ஊன்றுகோல் முனையால் கிண்டி எடுக்க வேண்டும். சாதாரணத் தடக் காலணியின் என்என்என் தண்டு இதைவிடக் குறுகியது, ஒன்றுக்கொன்று பொருந்தாது. இந்தத் தவறைச் செய்து காலணியைத் திருப்பிக் கொடுத்தவர்கள் நான்கு பேரை எனக்குத் தெரியும்.

எக்ஸ்ப்ளோர் புதிய வகை. இறக்கத்தில் கட்டுப்பாடு கூடுதல். முந்தைய காலணிகள் இதற்குப் பொருந்தா. புதிதாக எல்லாவற்றையும் வாங்குகிறவர் யோசிக்கலாம். முதலில் கால் வலிக்காத காலணியைக் கண்டுபிடியுங்கள். அது எந்த வகையோ அந்த பைண்டிங்கைப் பொருத்துங்கள். நான் கண்ட அளவில் இந்த வரிசைதான் வருத்தம் தராதது.

குறுந்தோல் என்றீர்களே, அது என்ன?

ஸ்கீயின் நடுப்பகுதிக்கு மட்டும் ஒட்டும் குட்டைப் பட்டை. ஒரு பக்கம் மயிர் ஒரே திசையில் படிந்திருக்கும். முன்னால் வழுக்கும், பின்னால் பிடிக்கும். ஆசியாவின் ஆல்தாய் மலைமக்கள் குதிரைத்தோலை அடியில் போர்த்த ஸ்கீக்களை நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். இதுவும் அதே அறிவுதான். அங்கோரா ஆட்டு மயிரான மொஹேர் நன்றாக வழுக்கும். நைலான் அதிகமாகப் பிடிக்கும், நீடித்து உழைக்கும்.

ஃபிஷரின் சில ஸ்கீக்களிலும் ஓஸ்னெஸ் ஸ்கீக்களிலும் இதைப் பொருத்த அடியில் ஒரு பொருத்துவாய் இருக்கும். எடை மிகக் குறைவு. சட்டைக்குள் வைத்துக்கொண்டு போகலாம். அப்படித்தான் வைத்துக்கொள்ளவும் வேண்டும், ஏனென்றால் குளிர்ந்த பசை ஒட்டாது. அகன்ற ஸ்கீக்கும் நடுத்தர ஸ்கீக்கும் இடையில் மனம் ஊசலாடினால், நடுத்தரத்தை எடுத்து மிச்சப் பணத்தில் குறுந்தோல் வாங்குங்கள். பொருக்கு நாளில் 112-இன் அகலம் செய்யாததை ஒரு முழ நீளப் பட்டை செய்யும்.

மெழுகு வேண்டாத ஸ்கீ என்றால் பராமரிப்பே வேண்டாமா?

பெயர் ஏமாற்றுகிறது. உதைக்கும் மெழுகுதான் வேண்டாம். மூக்கிலும் வாலிலும் வழுக்கும் மெழுகை ஒரு பருவத்தில் சில முறையாவது தேய்க்க வேண்டும். செதில் பகுதியில் களிம்பாகவோ திரவமாகவோ கிடைக்கும் மெழுகைத் துணியால் தடவ வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் புகுந்து உறைந்து, செதில் முழுவதும் பனிக்கட்டி அடைத்துவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. வீட்டின் வெப்பத்திலிருந்து நேராக எடுத்துவந்த ஸ்கீயைப் புதுப்பனியில் வைத்தால், பனி உருகி உடனே உறைகிறது. புறப்படுவதற்கு கால் மணி நேரம் முன்பே வெளியே நிறுத்திவையுங்கள். நடுவழியில் அடைத்துக்கொண்டால் பிளாஸ்டிக் சுரண்டியால் மட்டும் எடுங்கள். கத்தி செதிலின் விளிம்பை மழுக்கிவிடும்.

மெழுகு வாங்கும்போது ஃபுளோரின் கலக்காததாகப் பாருங்கள். அந்தச் சேர்மங்கள் மண்ணிலும் நீரிலும் அழியாமல் தங்குகின்றன. உலக ஸ்கீ சம்மேளனம் 2023-24 பருவத்திலிருந்து போட்டிகளில் அவற்றைத் தடைசெய்தது; வெர்மான்ட் 2023 ஜூலை முதல் அவற்றின் விற்பனையையே நிறுத்தியது. நாம் நடக்கும் பனிதான் வசந்தத்தில் உருகி நாம் குடிக்கும் தண்ணீராகிறது.

பழைய ஸ்கீ வாங்கலாமா?

தாராளமாக. இந்தத் துறையில் பெயர்தான் அடிக்கடி மாறுகிறது, பொருள் மெதுவாகத்தான் மாறுகிறது. மாட்ஷுஸ் இயான், எபோக், ஆனம் மூன்றுக்கும் முன் அதே வடிவங்கள் கார்ஹு என்ற பெயரில் வந்தன. பழைய கார்ஹு கிடைத்தால் தயங்க வேண்டாம். செதிலை நகத்தால் வருடிப் பாருங்கள். விளிம்பு மழுங்கியிருந்தால் விட்டுவிடுங்கள். ஒரு சோடியை அடியோடு அடி சேர்த்து வைத்தால் நடுவில் இடைவெளி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வில் செத்துவிட்டது. எஃகு விளிம்பு எங்காவது பலகையிலிருந்து பிரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இறக்கத்தில் நிற்பது எப்படி? பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது, குதிகால் கட்டப்படாத ஸ்கீயில் எல்லோருக்கும் வரும். மூக்குகளைச் சேர்த்து வால்களை விரிக்கும் கூம்பு நிலையை முதலில் பழகுங்கள். ஒரு முழங்காலை மடக்கி ஒரு ஸ்கீயை முன்னால் விட்டுத் திரும்பும் டெலிமார்க் முறை பிறகு வரட்டும். நார்வேயின் டெலிமார்க் வட்டாரத்தைச் சேர்ந்த சோன்ட்ரெ நோர்ஹைம் 19-ஆம் நூற்றாண்டில் அதைப் புகழ்பெறச் செய்தார். செங்குத்தான குறுகிய இடத்தில் ஸ்கீயைக் கழற்றிக் கையில் பிடித்து, பாதையின் ஓரமாக இறங்குங்கள். நானும் இன்றுவரை அப்படிச் செய்கிறேன்.

வயதைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: இந்த மலைகளிலும் கியூபெக்கிலும் ஸ்கீப் பாதைகள் அமைத்த ஹெர்மன் யோஹான்சென் 1875-இல் நார்வேயில் பிறந்து, 1987-இல் 111 வயதில் மறைந்தார். நூறைத் தாண்டியும் ஸ்கீயில் நடந்தவர். லேக் பிளாசிட் வட்டாரத்தில் ஊர்களை இணைக்கும் ஜாக்ராபிட் பாதைக்கு அவருடைய பட்டப்பெயர்தான் சூட்டப்பட்டிருக்கிறது.

பனிச்சரிவு ஆபத்து?

பனியின் ஓர் அடுக்கு பலகைபோல் மொத்தமாகப் பெயர்ந்து வரும் சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 டிகிரி சாய்வில் நிகழ்கின்றன. நடுத்தர ஸ்கீயோடு நாம் போகும் காட்டுப் பாதைகள் பெரும்பாலும் அதைவிடச் சாய்வு குறைந்தவை. ஆனால் நீங்கள் நிற்கும் இடம் சமதரையாக இருந்தாலும், தலைக்கு மேலே செங்குத்தான திறந்த சரிவு இருந்தால் ஆபத்து உங்களைத் தேடி வரும். அப்படிப்பட்ட இடத்துக்கு, புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் சமிக்ஞைக் கருவி, துழாவுகோல், மண்வெட்டி, அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த துணை ஆகிய நான்கும் இல்லாமல் போகாதீர்கள். தனியாகப் போகிறவர் திரும்பும் நேரத்தை வீட்டில் எழுதிவைத்துவிட்டுப் போக வேண்டும். காட்டில் கைப்பேசி பல இடங்களில் எடுக்காது.

முதல் பயணத்துக்கு எங்கே, எப்போது போகலாம்?

வெர்மான்ட்டில் கேட்டமவுண்ட் பாதை மாநிலத்தின் தென்கோடியிலிருந்து கனடா எல்லை வரை சுமார் 480 கிலோமீட்டர் போகிறது. 31 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். எளிதான ஒரு பகுதியை எடுத்து, பாதி தூரம் போய்த் திரும்பலாம். அடிரோண்டாக்கில் ஹார்ட் ஏரியிலிருந்து மார்சி அணை வரை 4 கிலோமீட்டருக்குள்தான். பழகிய பிறகு அங்கிருந்து அவலாஞ்ச் ஏரி வரை நீட்டிக்கலாம், ஒரு வழிக்கு மொத்தம் 8 கிலோமீட்டர். அந்த உயர்சிகரப் பகுதியில் பனி 20 சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டால் ஸ்கீயோ பனிக்காலணியோ இல்லாமல் நடக்க விதி இடம் தராது. வெறுங்காலணிக்காரர்களின் குழிகள் உறைந்து எல்லோருக்கும் ஆபத்தாகின்றன. மிக நல்ல விதி.

மழை பெய்து உறைந்த மறுநாள் போகாதீர்கள், எவ்வளவு ஆவலாக இருந்தாலும். மார்ச் நடுவில், இரவு உறைந்து, பகலில் வானம் தெளிவாக இருக்கும் நாளைப் பாருங்கள். காலை எட்டு மணிக்கெல்லாம் ஓடவேண்டாம். அப்போது தடம் கண்ணாடியாக இருக்கும். பத்து மணிக்குப் புறப்படுங்கள். பதினொரு மணிக்கு வெயில் மேல்பொருக்கைத் தளர்த்தத் தொடங்கும். ஊன்றுகோலின் நுனி ஓசையின்றி இறங்கினால் குருணை இளகிவிட்டது என்று பொருள்.